டர்போவை வீட்டில் பிரிக்கலாமா?

காரைக்குடியிலிருந்து மதுரைக்குச் சுமார் 90 கிலோமீட்டர். கார் நன்றாக இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

ஆனால் ஒரு நாள் கார் முரண்டு பிடிக்கிறது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் வரவில்லை. முன்னால் போகும் லாரியைத் தாண்ட முடியவில்லை. பின்னால் நீல நிறத்தில் புகை வருகிறது. என்ஜின் பக்கம் சங்கு ஊதுவதுபோல ஒரு சத்தம்!

மெக்கானிக் பார்க்கிறார். "டர்போ போய்விட்டது" என்கிறார். புதிய டர்போ என்ன விலை என்றும் சொல்கிறார். கேட்டவருக்குத் தலை சுற்றுகிறது.

அந்த நேரத்தில்தான் யாராவது வந்து யோசனை சொல்வார்கள்.

"எதற்கு இவ்வளவு செலவு? ரிப்பேர் கிட் கடையில் கிடைக்கிறது. நாலு ஸ்பானர் இருந்தால் போதும். நாமே பிரித்து மாட்டிவிடலாம்!"

மாட்டிவிடலாமா? மாட்டினால் பணம் மிச்சமாகுமா? அல்லது என்ஜினுக்கே உலை வைத்துவிடுமா?

கார் வைத்திருக்கும் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

டர்போ என்றால் என்ன?

அடுப்பு மங்கலாக எரிகிறது. ஊதுகுழலால் ஊதுகிறோம். உடனே தீ பிடித்து எரிகிறது. ஏன்? காற்று அதிகமாகப் போகிறது. அதனால் நெருப்பும் அதிகமாகிறது.

டர்போ செய்கிற வேலையும் இதுதான். அது என்ஜினுக்கு ஊதுகுழல்.

என்ஜினுக்குள் எண்ணெய் எரிந்து, புகை வெளியே போகிறது. அந்தப் புகைக்குச் சூடும் உண்டு, வேகமும் உண்டு. சாதாரணக் காரில் அது சைலன்சர் வழியாக வீணாகப் போய்விடும். டர்போ உள்ள காரில், அந்தப் புகை ஒரு சிறிய சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போகிறது. அந்தச் சக்கரத்தின் தண்டிலேயே மறுமுனையில் இன்னொரு சக்கரம் இருக்கிறது. அது வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, என்ஜினுக்குள் தள்ளுகிறது.

போகிற புகையை வைத்தே வருகிற காற்றைத் தள்ளுவது! தனியாக எண்ணெய்ச் செலவு இல்லை.

இதனால் சிறிய என்ஜின் பெரிய என்ஜினின் வேலையைச் செய்கிறது. பழைய அம்பாசிடர் டீசல் காருக்கு ஒன்றரை லிட்டர் என்ஜின். டர்போ கிடையாது. அதன் சக்தி சுமார் 37 குதிரைத் திறன். 2007-ல் வந்த ஸ்விப்ட் டீசல் காருக்கு 1.3 லிட்டர் என்ஜின்தான். ஆனால் டர்போ உண்டு. அதன் சக்தி சுமார் 75 குதிரைத் திறன். இரண்டு மடங்கு! டர்போ மட்டுமே இதற்குக் காரணம் அல்ல. ஆனால் அது ஒரு முக்கியமான காரணம்.

புகையைப் பிடித்தவர்

இதைக் கண்டுபிடித்தவர் ஆல்பிரட் பூக்கி. சுவிட்சர்லாந்து நாட்டு என்ஜினீயர். என்ஜினில் உண்டாகும் சக்தியில் பெரும் பகுதி புகையோடு போய்விடுகிறதே என்று அவர் கவலைப்பட்டார். 1905-ம் ஆண்டு இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார்.

யோசனை உதித்துவிட்டது. ஆனால் காரியம் எளிதில் கைகூடவில்லை. அத்தனை சூட்டைத் தாங்கும் உலோகம் அன்று இல்லை. 20 ஆண்டுகள் போராடினார். 1925-ல்தான் வெற்றி கிடைத்தது. 1,750 குதிரைத் திறன் உள்ள கப்பல் என்ஜின், டர்போ வைத்ததும் 2,500 குதிரைத் திறன் கொடுத்தது.

கார்களுக்கு டர்போ வந்தது 1962-ல். அமெரிக்காவில் இரண்டு கார்கள் அந்த ஆண்டு டர்போவோடு வந்தன. அவற்றில் ஒன்று 'ஜெட்பயர்'. அதில் ஒரு சிறிய தொட்டி உண்டு. அதில் ஒரு திரவத்தை அவ்வப்போது ஊற்றி வரவேண்டும். பலர் ஊற்ற மறந்தார்கள். கார் தகராறு செய்தது. 1963-ம் ஆண்டோடு அந்தக் காருக்கு மூடுவிழா நடந்துவிட்டது.

டர்போவின் கதையில் இது முதல் பாடம். பொருள் கெட்டது என்று பார்த்தால், பல சமயம் கவனிப்புதான் கெட்டிருக்கும்!

இன்று தமிழ்நாட்டிலேயே டர்போ செய்கிறார்கள். 1982-ல் தொடங்கிய டர்போ எனர்ஜி நிறுவனம், சென்னையை அடுத்த பையனூரில் தொழிற்சாலை வைத்திருக்கிறது. இப்போது டீசல் கார்களில் மட்டும் அல்ல, சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றிலும் டர்போ வந்துவிட்டது.

குண்டுமணியும் மூட்டையும்

டர்போவைக் கையில் எடுத்துப் பார்த்தால் பெரிய இயந்திரமாகத் தோன்றாது. பெரிய நத்தைக் கூடுகள் இரண்டை முதுகோடு முதுகு ஒட்டவைத்தது போல இருக்கும். நடுவில் ஒரு தண்டு. அதைத் தாங்க பேரிங். இரண்டு பக்கமும் இரண்டு சக்கரங்கள். அவ்வளவுதான்!

"இதைப் பிரிக்க என்ன கஷ்டம்?" என்று தோன்றும். அங்கேதான் ஏமாந்து போகிறார்கள்.

வீட்டில் ஓடும் மின்விசிறி நிமிடத்துக்குச் சுமார் 350 தடவை சுற்றுகிறது. கார் என்ஜின் சாதாரணமாக 2,000 முதல் 4,000 தடவை சுற்றுகிறது. டர்போ எத்தனை தடவை சுற்றும் தெரியுமா?

நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் தடவை! சிறிய டர்போக்கள் 2 லட்சத்தையும் தாண்டும். ஒன்றரை லட்சம் என்றாலே, விநாடிக்கு 2,500 சுற்று.

இந்த வேகத்தில் சக்கரம் ஒரு பக்கம் கொஞ்சம் கனமாக இருந்தால் என்ன ஆகும்?

பொன் நிறுக்கப் பயன்பட்ட குண்டுமணி எல்லோருக்கும் தெரியும். அதன் எடை ஒரு கிராமில் எட்டில் ஒரு பங்குதான். சக்கரத்தின் நடுவிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, ஒரு குண்டுமணி எடை கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை லட்சம் சுற்று வேகத்தில் அது தண்டை எவ்வளவு பலமாக இழுக்கும்? கணக்குப் போட்டால் சுமார் 60 கிலோ வருகிறது!

ஒரு குண்டுமணி, ஓர் ஆள் எடையாக மாறிவிடுகிறது. அதுவும் ஒரு பக்கமாக மட்டும் இழுப்பது இல்லை. விநாடிக்கு 2,500 முறை சுற்றிச் சுற்றி இழுக்கிறது.

சூடு வேறு. டீசல் என்ஜின் புகையின் சூடு 700, 800 டிகிரி வரை ஏறும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும்! பெட்ரோல் என்ஜினில் சூடு இன்னும் அதிகம்.

இத்தனை வேகத்தையும் சூட்டையும் தாங்குவது எது? எண்ணெய்தான். பெரும்பாலான டர்போக்களில் தண்டு பேரிங்கின் மேல் நேராக உட்காருவது இல்லை. தலைமுடியை விட மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. அந்தப் படலம் சில விநாடிகள் அறுந்தால் போதும். உலோகமும் உலோகமும் உராய்ந்து தண்டு கீறிப்போகும்.

ஏன் கெடுகிறது?

டர்போ தானாகக் கெடுவது குறைவு. பெரும்பாலும் வேறு ஏதோ அதைக் கெடுக்கிறது.

முதல் எதிரி, மோசமான ஆயில். காலத்தில் மாற்றாத ஆயில் கரியாகி, ஆயில் போகும் மெல்லிய குழாயை அடைத்துவிடும். டர்போ எண்ணெய் இல்லாமல் வெந்துபோகும்.

இரண்டாவது எதிரி, தூசி. செட்டிநாடு வறண்ட பூமி. செம்மண் பாதையில் ஒரு கார் போனால், பின்னால் வரும் காருக்குச் சாலையே தெரியாது. ஏர் பில்டர் கிழிந்திருந்தால், அல்லது ரப்பர் குழாய் விட்டிருந்தால், அந்தத் தூசி நேராக டர்போவுக்குப் போகும். அத்தனை வேகத்தில் சுற்றும் அலுமினியச் சக்கரத்தை மணல் அரம்போல் அராவிவிடும்.

மூன்றாவது எதிரி, அவசரம். மதுரையிலிருந்து விரட்டிக்கொண்டு வந்து, வீட்டு வாசலில் நின்றதும் 'டக்' என்று என்ஜினை நிறுத்துகிறார்கள். ஆயில் ஓட்டம் நின்றுவிடுகிறது. டர்போவின் சூடு மட்டும் நிற்பதில்லை. உள்ளே தங்கிய ஆயில் கருகிப் படிகிறது.

ஆகவே, டர்போ ஏன் கெட்டது என்று கண்டுபிடிக்காமல் டர்போவை மட்டும் மாற்றினால் பயன் இல்லை. புதியதும் அதே வழியில் போகும்!

வீட்டில் செய்யக்கூடியது

பிரிப்பதற்கு முன்னால், டர்போ உண்மையில் கெட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை வீட்டிலேயே செய்யலாம். என்ஜின் நன்றாக ஆறிய பிறகு செய்ய வேண்டும். ஓடும்போது கையை விடவே கூடாது.

ஏர் பில்டரைக் கழற்றிப் பாருங்கள். அடைத்திருந்தால் மாற்றுங்கள். டர்போவிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய்களைத் தடவிப் பாருங்கள். எங்காவது விரிசல் இருந்தால், அமுக்கிய காற்று அதன் வழியே போய்விடும். கார் இழுக்காது. கரும்புகை வரும். குழாயை மாற்றினாலே நோய் தீர்ந்துவிடும்!

அடுத்து, காற்று வரும் பக்கத்துக் குழாயைக் கழற்றி, சக்கரத்தின் தண்டை விரலால் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும். அது எண்ணெய்க்காக விட்ட இடம். பயப்பட வேண்டாம். ஆனால் சக்கரம் சுற்றுச்சுவரில் இடித்தால் ஆபத்து. முன்னும் பின்னும் கைக்குத் தெரியும்படி நகர்ந்தாலும் ஆபத்து. இறக்கை மடங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம். டர்போ போய்விட்டது.

நீலப் புகை வந்தால் உடனே டர்போதான் என்று முடிவு கட்டவும் கூடாது. டர்போவிலிருந்து ஆயில் திரும்பிப் போகும் குழாய் அடைத்திருந்தாலும் ஆயில் கசியும். என்ஜின் மூச்சு விடும் குழாய் அடைத்திருந்தாலும் கசியும். வாய்க்கால் அடைத்தால் வயலில் தண்ணீர் நிற்கும் அல்லவா? அது போலத்தான். குழாயைச் சுத்தம் செய்யாமல் டர்போவை மாற்றியவர்கள், புது டர்போவிலும் அதே கசிவைப் பார்த்துத் திகைக்கிறார்கள்.

பிரித்தால் என்ன நடக்கும்?

சரி, டர்போ கெட்டதுதான். கிட் வாங்கிப் போடலாமா?

கிட்டில் பேரிங், சிறிய வளையங்கள், பேக்கிங் எல்லாம் இருக்கும். விலையும் குறைவு. கை சுத்தமும் பொறுமையும் உள்ள ஒருவரால் டர்போவைப் பிரித்து இவற்றை மாற்ற முடியும். அதில் மாயம் ஒன்றும் இல்லை.

ஆனால், மூன்று இடங்களில் கண்டம் இருக்கிறது.

ஒன்று: அளவு. தண்டு தேய்ந்திருக்கிறதா, இல்லையா? கண்ணால் பார்த்தால் பளபள என்றுதான் இருக்கும். நூறில் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்திருந்தாலும் புதிய பேரிங் நிலைக்காது. இதை அளக்க மைக்ரோமீட்டர் வேண்டும். அளக்கவும் தெரிய வேண்டும்.

இரண்டு: திருகு. காற்றுச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் நட்டு, பல டர்போக்களில் இடதுபுறத் திருகு. தெரியாமல் வழக்கம்போலத் திருப்பினால், கழற்றுவதற்குப் பதில் இறுக்கிவிடுவார்கள். தண்டு முறிந்துவிடும். சக்கரம் எந்த நிலையில் இருந்தது என்று அடையாளம் போடாமல் கழற்றினாலும் சமநிலை போய்விடும்.

மூன்று: சமநிலை. இதுதான் பெரிய கண்டம். குண்டுமணிக் கணக்கு இங்கேதான் வருகிறது. தொழில் தெரிந்த பட்டறையில் தண்டையும் சக்கரங்களையும் இயந்திரத்தில் வைத்துச் சமன் பார்க்கிறார்கள். பிறகு நடுப்பகுதி முழுவதையும் பூட்டி, எண்ணெய் கொடுத்து, மிக அதிக வேகத்தில் சுற்றிப் பார்க்கிறார்கள். எந்தப் பக்கம் கனம் அதிகமோ, அந்தப் பக்கத்தில் துளித் துளியாக உலோகத்தைச் சீவி எடுக்கிறார்கள். மில்லிகிராம் கணக்கு! இந்த இயந்திரம் வீட்டில் இருக்காது. சாதாரண ஒர்க்ஷாப்பிலும் இருக்காது.

புது மாதிரி டர்போக்களில் இன்னொரு சங்கடமும் உண்டு. புகைச் சக்கரத்தைச் சுற்றி, திறந்து மூடும் சிறிய தகடுகள் இருக்கும். அவை எவ்வளவு மூட வேண்டும் என்று ஒரு திருகு வைத்துத் தொழிற்சாலையில் சரி செய்திருப்பார்கள். அந்தத் திருகை ஒரு சுற்று மாற்றினாலும் கார் சொன்ன பேச்சைக் கேட்காது.

ஜி.டி. நாயுடு பிரிக்கவில்லையா?

"கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு தாமே பிரித்துப் பார்த்துத்தானே கற்றுக்கொண்டார்?" என்று கேட்கலாம்.

நல்ல கேள்வி.

ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிள் மேல் இளைஞர் நாயுடுவுக்கு ஆசை வந்தது. ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதை வாங்கினார். அக்கு அக்காகப் பிரித்தார். மறுபடி பூட்டினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். பின்னால் பெரிய விஞ்ஞானத் தொழிலதிபர் ஆனார்.

ஆனால், அவர் கதையில் இன்னொரு பாதியும் இருக்கிறது. தாமே கற்ற அந்த மனிதர், மற்றவர்களும் அப்படியே தட்டுத் தடுமாறிக் கற்கட்டும் என்று விட்டுவிடவில்லை. 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில் கல்விக்கூடம் அமையக் காரணமாக இருந்தார். அளந்து பார்த்துச் செய்கிற தொழிலை முறையாகப் படிக்க வேண்டும் என்று அவர் அறிந்திருந்தார்.

காரைக்குடிக்கும் இதே பெருமை உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 1952-ல் இங்கே பொறியியல் கல்லூரி தொடங்கினார். அவர் நிலமும் பணமும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக் கூடம் 1953-ல் திறக்கப்பட்டது. உலோகம் ஏன் அரிக்கிறது, எப்படித் தடுப்பது என்று அங்கே ஆராய்கிறார்கள்.

ஆகவே, கற்றுக்கொள்ள ஆசைப்படும் பையன்கள் டர்போவைத் தாராளமாகப் பிரிக்கலாம். ஆனால் பழைய இரும்புக் கடையில் வாங்கிய செத்துப்போன டர்போவைப் பிரிக்கட்டும்! அப்பா நாளைக்கு ஓட்டப்போகும் காரின் டர்போ வேண்டாம்.

ஐந்தொகை போடுவோம்

செட்டிநாட்டில் வரவு செலவைக் கூட்டிக் கழித்து ஐந்தொகை எடுப்பார்கள். டர்போவுக்கும் அப்படி ஒன்று எடுத்துப் பார்க்கலாம்.

கிட் போடுவது எல்லாவற்றிலும் மலிவு. ஆனால் தண்டும் சக்கரமும் நன்றாக இருந்தால்தான் அது பயன்படும். சரியாக அமையாவிட்டால் கிட் விலை போகும். டர்போ போகும். உடைந்த துண்டு உள்ளே போனால் என்ஜினும் போகும். மிச்சம் பிடிக்கப் போய் முதலுக்கே மோசம்!

இரண்டாவது வழி, நடுப்பகுதியை மட்டும் மாற்றுவது. தண்டு, சக்கரங்கள், பேரிங் எல்லாம் பூட்டிச் சமன் பார்த்த நிலையிலேயே விற்கிறார்கள். 'கோர்' என்பார்கள். கிட்டைவிட விலை அதிகம். புது டர்போவைவிடக் குறைவு. நம்பகமான கடையில் வாங்க வேண்டும். பேர் தெரியாத மலிவுச் சரக்கு சீக்கிரம் காலை வாரிவிடும்.

மூன்றாவது வழி, டர்போவுக்கென்றே உள்ள பட்டறையில் கொடுத்துச் சரி செய்வது. கூலி உண்டு. ஆனால் அளவு, சமநிலை, உத்தரவாதம் மூன்றும் சேர்ந்து வருகிறது.

நான்காவது வழி, புதியது. விலை அதிகம். கவலை குறைவு.

இவற்றுக்கு நடுவே ஒரு வழி உண்டு. ஓரளவு வேலை தெரிந்தவர்களுக்கு அது நல்லது. டர்போவைத் தாமே காரிலிருந்து கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோகலாம். சரி செய்ததும் தாமே பூட்டலாம். கழற்றிப் பூட்டும் கூலி மிச்சம். கண்டம் உள்ள வேலை மட்டும் தெரிந்தவர் கையில்.

செட்டிநாட்டின் பெரிய வீடுகள் இப்படித்தான் எழுந்தன. மரத்துக்கு ஒருவர், சுதைக்கு ஒருவர், தரைக்கு ஒருவர் என்று கைதேர்ந்தவர்களை வைத்தார்கள். வேலையை அவர்களிடம் விட்டார்கள். கணக்கையும் மேற்பார்வையையும் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள்.

பட்டறையில் கேளுங்கள்

பணம் கொடுப்பவர் நாலு கேள்வி கேட்கலாம். தவறு இல்லை.

"டர்போ ஏன் கெட்டது?" இது முதல் கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் விலை மட்டும் சொல்லும் இடத்தைவிட்டு வந்துவிடுங்கள்.

"சமன் பார்த்த அறிக்கை கொடுப்பீர்களா?" நல்ல பட்டறையில் கொடுப்பார்கள்.

"மாற்றிய பழைய சாமான்களைக் காட்டுவீர்களா?"

"உத்தரவாதம் எத்தனை மாதம்? ரசீது உண்டா?"

பூட்டும்போது கவனிக்க வேண்டியவையும் உண்டு. ஆயிலும் ஆயில் பில்டரும் புதிதாக இருக்க வேண்டும். ஆயில் போகும் குழாய், திரும்பும் குழாய் இரண்டும் சுத்தமாக இருக்க வேண்டும். ஆயில் குழாய் மூட்டுகளில் கண்ட பசையைத் தடவக்கூடாது. அது பிய்ந்து உள்ளே போய் அடைக்கும். என்ஜினைக் கிளப்பும் முன் டர்போவுக்குள் கொஞ்சம் ஆயில் ஊற்ற வேண்டும். கிளப்பியதும் சில நிமிடம் மெதுவாக ஓடவிட வேண்டும்.

உயிருக்கு ஆபத்து!

பணம் போனால் சம்பாதிக்கலாம். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. வீட்டில் எல்லோரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

டீசல் காரில் டர்போ உடைந்தால், என்ஜின் ஆயிலே காற்றோடு கலந்து உள்ளே போகலாம். டீசல் என்ஜின் அந்த ஆயிலையும் எரித்து ஓடும்! சாவியைத் திருப்பினாலும் நிற்காது. தானாக வேகம் ஏறும். புகை மண்டும். ஆயில் தீரும் வரை, அல்லது என்ஜின் உடையும் வரை ஓடும்.

கியர் போடும் காரானால், பிரேக்கை நன்றாக மிதித்துக் காரை நிறுத்துங்கள். கை பிரேக்கையும் இழுங்கள். இருப்பதில் மேல் கியரைப் போட்டு, பிரேக்கை விடாமல் கிளட்சை விடுங்கள். என்ஜின் திணறி நின்றுவிடும். இது முடியாவிட்டால், அல்லது ஆட்டோமேட்டிக் காராக இருந்தால், காரை ஓரமாக நிறுத்துங்கள். குழந்தைகளை இறக்கிக்கொண்டு தூரப் போய்விடுங்கள். பானெட்டைத் திறந்து கையை விடாதீர்கள். கார் போனால் போகட்டும்!

நீலப் புகை வந்த பிறகும் "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டுவது எத்தனை ஆபத்து என்று இதிலிருந்து தெரியும்.

ஆயுளை நீட்டுவது எப்படி?

டர்போவைச் சரி செய்யும் வேலை பட்டறைக்காரருடையது. அதைக் கெடாமல் பார்க்கும் வேலை வீட்டுக்காரருடையது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

கார் கம்பெனி சொன்ன ஆயிலை, சொன்ன கிலோமீட்டரில் மாற்றுங்கள். செம்மண் பாதையில் அதிகம் ஓடும் காருக்கு ஏர் பில்டரைக் கொஞ்சம் முன்னதாகவே பாருங்கள். காலையில் கிளப்பியதும் விரட்டாதீர்கள். முதல் சில கிலோமீட்டர் நிதானமாகப் போங்கள். நெடுந்தூரம் வேகமாக ஓட்டி வந்தால், ஒன்றிரண்டு நிமிடம் என்ஜினை மெதுவாக ஓடவிட்டுப் பிறகு நிறுத்துங்கள்.

இந்த நாலையும் செய்கிற வீட்டில், டர்போவை யார் பிரிப்பது என்ற கேள்வி அநேகமாக எழாது.